குறைமாதக் குழந்தையின் மூளையில் ரத்தக்கசிவு: தடுப்பதற்குக் கிடைக்கும் நேரங்கள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடமிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "ஏம்மா சிஸ்டரு, புள்ளையக் கைதவற விட்டுட்டீங்களா?" என்று அப்பாயி வாய்விட்டுக் கேட்கிறார், மற்றவர்கள் அதையே மனத்துக்குள் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு அந்தக் கேள்வியால் கோபம் வந்ததில்லை. தலையில் ரத்தம் என்றால் அடிபட்டிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தக் கசிவுக்கு அடி எதுவும் பட வேண்டியதில்லை. அது எதனால் வருகிறது, எந்த நேரத்தில் யார் என்ன செய்தால் வராமல் காக்கலாம் என்பதை வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தடுப்பதற்குக் கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதி, குழந்தை எங்கள் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே கழிந்துவிடுகிறது.

மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றின் சுவரை ஒட்டி, கருவில் வளரும் காலத்தில் மட்டும், மூளைச் செல்கள் புதிதாகப் பிறந்து தத்தம் இடங்களுக்குப் புறப்படும் ஒரு பகுதி இருக்கிறது. ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்று மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். அங்கே ரத்த ஓட்டம் மிக அதிகம். ரத்தக் குழாய்களின் சுவரோ மிக மெல்லியது, அதைத் தாங்கிப் பிடிக்கும் திசுக்களும் இன்னும் உருவாகியிருப்பதில்லை. ஏறத்தாழ 34 வாரம் ஆகும்போது இந்தப் பகுதி தானாகவே சுருங்கி மறையத் தொடங்கிவிடும். நிறைமாதக் குழந்தைக்கு இந்த வகைக் கசிவு அரிதாக இருப்பதற்கும், 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கும் 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கும் இதை நினைத்து நாங்கள் அஞ்சுவதற்கும் இதுவே காரணம்.

குழாய் மெலிந்திருப்பது பாதிச் செய்திதான். உடலில் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பெரியவர்களுக்கு உண்டு. வாய்க்கால் தலைப்பில் மதகு இருந்தால் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வயலுக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் விடலாம். மதகே கட்டி முடிக்காத வாய்க்காலில் ஆற்று வெள்ளம் அப்படியே பாய்ந்து கடைமடை வரப்பை உடைக்கும். குறைமாதக் குழந்தையின் மூளை அந்த நிலையில் இருக்கிறது. குழந்தை வீறிட்டு அழுதாலும், சளி உறிஞ்சும்போது திணறினாலும், செயற்கை சுவாசக் கருவியோடு ஒத்துப்போகாமல் திமிறினாலும், அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள்வரை போய்ச் சேர்ந்துவிடும். அழுத்தம் ஒரேயடியாக இறங்கிப் பின் ஏறுவதும் அதே அளவுக்கு ஆபத்து.

ஏற்படும் கசிவுகளில் ஏறத்தாழ பாதி பிறந்த முதல் நாளிலேயே ஏற்பட்டுவிடுகின்றன; மிகப் பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. பல குழந்தைகளிடம் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லூ ஆன் பாப்பைல் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், 1,500 கிராமுக்குக் குறைந்த 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது 20 குழந்தைகளுக்குக் கசிவு இருந்தது. கசிவை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் இன்றைய வழக்கமும் அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். கசிவு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் முதல் நிலை. மூளையின் நீர் அறைக்குள் சிறிது இறங்கினால் இரண்டாம் நிலை. அறை நிரம்பி விரிந்தால் மூன்றாம் நிலை. பக்கத்து மூளைத் திசுவும் பாதிக்கப்பட்டால் நான்காம் நிலை. முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். எங்களுடைய கவலையெல்லாம் பின்னிரண்டு நிலைகளைப் பற்றியது.

இனி, தடுப்பது. முதலிடம் தாய்க்குப் பிரசவத்துக்கு முன் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குத்தான். "நுரையீரல் வளர்ச்சி ஊசி" என்று நம் பக்கத்தில் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அது மூளையையும் காக்கும் என்பது குடும்பங்களுக்கு மட்டுமல்ல, சில நேரம் எங்கள் துறையினருக்கும் நினைவில் நிற்பதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆட்டுக்குட்டிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், ஸ்டீராய்டு பெற்ற குட்டிகள் மிக முன்கூட்டியே பிறந்தும் எதிர்பாராமல் மூச்சுவிட்டதைக் கவனித்தார்; ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து தாய்மார்களிடம் அந்த மருந்தைச் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த ஊசி மூளை ரத்தக்கசிவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைப்பது தெரியவந்தது. நாங்கள் இன்குபேட்டர் அருகே செய்யும் எந்த ஒரு காரியத்துக்கும் இதற்கு இணையான சான்று கிடையாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே வழக்கத்தில் இருப்பது டெக்ஸாமெத்தசோன். 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு ஊசிகள். விலை மிகக் குறைவு; ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம் என்று மத்திய அரசு 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடையே இறப்பு குறைந்திருந்தது தெளிவாகத் தெரிந்ததால், சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆனால் இந்த மருந்து பலன் தருவதற்கு இரண்டு வேண்டும்: வயிற்றில் எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், ஊசிக்கும் பிரசவத்துக்கும் இடையே சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாளாவது கிடைக்க வேண்டும்.

இந்த இரண்டும் நம் டெல்டாவில் எங்கே கைநழுவிப் போகின்றன என்பதைச் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். திருப்பூரிலோ சென்னையிலோ குடியிருந்து அங்கேயே பரிசோதனைகளைச் செய்துகொண்ட பெண், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வேதாரண்யத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துக்கு வந்து சேர்கிறாள். ஏழாம் மாதம் என்பது 28 வாரத்தை ஒட்டிய காலம். குறைப்பிரசவம் நேர்ந்தால் மூளைக்கு மிகுந்த ஆபத்து உள்ள காலம் அது. அந்தப் பயணத்தில் பட்டுப்புடவைகள் வருகின்றன, வளையல்கள் வருகின்றன, சீர்வரிசைப் பாத்திரங்கள் வருகின்றன. மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கை மாமியார் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பிரசவத் தேதியைக் கணிப்பதற்கு அந்த முதல் ஸ்கேனைவிட நம்பகமானது வேறில்லை. தாய்வீட்டுக்குப் புறப்படும் பையில் முதலில் வைக்க வேண்டியது அந்தக் காகிதங்களைத்தான். வந்த மறுநாளே அந்த ஊர்ச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

அடுத்தது வலி. விட்டுவிட்டு வரும் இடுப்பு வலியையும் வயிறு கல்லாக இறுகி இளகுவதையும் 'சூட்டு வலி' என்று முடிவுகட்டி, சீரகக் கஷாயம் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று காத்திருப்பதைப் பல வீடுகளில் கேட்கிறேன். நிறைமாதத்தில் அப்படிக் காத்திருப்பதற்கும் ஏழாம் மாதத்தில் காத்திருப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. ஏழாம் மாதத்தில் இழக்கும் அந்த ஓர் இரவுதான் ஊசி வேலை செய்திருக்க வேண்டிய இரவு. பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலும், சிறிதளவு ரத்தம் பட்டாலும், வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. "ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. அது முற்றிலும் தவறு. 32 வாரத்துக் குழந்தைக்கு இருக்கும் ஆபத்து 28 வாரத்துக் குழந்தைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. வயிற்றுக்குள் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

இடம் மாற்றுவதும் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே நடக்க வேண்டும். பிறந்த பிறகு வண்டியில் கொண்டுவரப்படும் குறைமாதக் குழந்தைகளுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே பிறக்கும் குழந்தைகளைவிட மூளை ரத்தக்கசிவு அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இன்று திருவாரூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 2022-இல் நாகப்பட்டினத்திலும் தொடங்கப்பட்டுவிட்டது; 108 வண்டிகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகளும் ஓடுகின்றன. இருந்தாலும், எவ்வளவு நல்ல வண்டியானாலும் தாயின் கருப்பைக்கு ஈடாகாது. "இங்கேயே பிறக்கட்டும், பிறகு தேவைப்பட்டால் அனுப்பிக்கொள்ளலாம்" என்று உறவினர்கள் மன்றாடும்போது அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 34 வாரத்துக்குக் குறைந்த பிரசவம் என்றால், தலை இறங்கிப் பிரசவம் நெருங்கிவிடாதவரை, முதல் ஊசியைப் போட்டுத் தாயை உடனே அனுப்பிவைப்பதே சரி. அனுப்பும் சீட்டில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுத வேண்டும். "ஊசி போட்டாச்சு" என்று மட்டும் எழுதிவரும் சீட்டை வைத்துக்கொண்டு அடுத்த ஊசியை எப்போது போடுவது என்று எங்களால் தீர்மானிக்க முடிவதில்லை.

32 வாரத்துக்கு முன் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட்டும் கொடுக்கிறார்கள். அது பின்னாளில் மூளை முடக்குவாதம் வருவதைக் குறைப்பதற்காக. ரத்தக்கசிவைத் தடுப்பதற்கென்று அல்ல.

பிறக்கும் நொடியில் கவனிக்க வேண்டியது தொப்புள்கொடி. குழந்தைக்கு உடனடியாக மூச்சு கொடுக்க வேண்டிய நிலை இல்லையென்றால், ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கொடியை வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் மெல்ல வந்து சேர்வதால் குழந்தையின் ரத்த அழுத்தம் நிலைப்படுகிறது. பொறுக்க நேரமில்லாதபோது கொடியைக் கையால் உருவி ரத்தத்தைக் குழந்தைக்குள் தள்ளிவிடும் பழக்கம் சில பிரசவ அறைகளில் உண்டு. இதைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், 23 முதல் 27 வாரத்தில் பிறந்த குழந்தைகளிடையே, கொடியை உருவியபோது 22 சதவீதக் குழந்தைகளுக்கும், பொறுத்து வெட்டியபோது 6 சதவீதக் குழந்தைகளுக்கும் கடுமையான மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டது. மிகச் சிறிய குழந்தைகளைச் சேர்ப்பதை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். அவசரமாகத் தள்ளப்பட்ட ரத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், மெதுவாகச் செய்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

பிறகு சூடு. உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தையைத் துடைத்துக்கொண்டிராமல், ஈரத்தோடேயே சுத்தமான பிளாஸ்டிக் உறையில் கழுத்துவரை போட்டு, தொப்பி மாட்டி, வார்மர் என்ற சூடு தரும் கருவியின் கீழ் வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியிலிருந்து வரும் குழந்தைகளின் பாதத்தைத் தொட்டாலே சில்லென்றிருக்கும்.

இப்போது எங்கள் அறைக்குள் வருகிறேன். முதல் 72 மணி நேரம் நாங்கள் செய்வதில் பாதி, எதையெல்லாம் செய்யாமல் இருக்கிறோம் என்பதுதான். 900 கிராம் எடையுள்ள ஒரு குழந்தைக்குத் துணி மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, அடியில் துணியை இழுப்போம். இங்கே அது கூடாது. கால் மேலே போனால் ரத்தம் தலைப்பக்கம் பாயும். ஒருவர் தலையையும் தோளையும் இரு கைகளால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி இலேசாக ஒருபக்கம் சாய்த்து, பழையதை உருவிப் புதியதை நுழைக்கிறோம். தலையை நேராக, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்து, இருபுறமும் சுருட்டிய துணியை அணைகொடுத்து, படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துகிறோம். கழுத்து ஒருபக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துச் சிரை நெரிபட்டு, மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும் என்பதே காரணம். தலையை நேராக வைப்பது மட்டுமே கசிவைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் இன்னும் உறுதியாக நிறுவவில்லை. ஆயினும் செலவில்லாத, தீங்கில்லாத இந்தக் காரியத்தை நான் விடமாட்டேன்.

தொப்புள் வழியாகப் போட்ட குழாயில் ரத்தம் எடுக்கும்போதும் அவசரம் கூடாது. அதே அளவு ரத்தத்தை 20 நொடியில் இழுத்தபோது மூளையின் ஆக்சிஜன் அளவு இறங்கியதையும், 40 நொடியில் இழுத்தபோது இறங்காததையும் அளந்து காட்டிய ஓர் ஆய்வு உண்டு. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிஞ்சை இழுக்கப் பழக்குவது இதனால்தான். உப்புநீர் ஏற்றுவதானாலும் சோடியம் பைகார்பனேட் கொடுப்பதானாலும் ஒரேயடியாகத் தள்ளுவது கிடையாது. ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு மிகுந்தால் மூளைக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். இரண்டுமே கூடாது என்பதால் சுவாசக் கருவியின் அளவுகளை மருத்துவர்கள் அடிக்கடி திருத்துகிறார்கள். சளியை நேரம் பார்த்து உறிஞ்சுவதில்லை, தேவைப்பட்டால் மட்டும்தான். வெப்பம் பார்ப்பது, துணி மாற்றுவது, மருத்துவர் சோதிப்பது எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்துவிட்டு, இடைப்பட்ட மணி நேரங்களில் தொடாமல் விட்டுவிடுகிறோம். இன்குபேட்டரின் மேல் கேஸ் ஷீட்டை வைத்து எழுதுவதுகூட உள்ளே பெருஞ்சத்தமாகக் கேட்கும்.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது கைகள். ஒரு குழந்தையைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்று எழுதிவைப்பது எளிது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கும் அறையில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. புதிய கருவி வாங்கப் பணம் வரும்போதெல்லாம், அந்தப் பணத்தில் இன்னொரு செவிலியரை அமர்த்தினால் இந்தக் குழந்தைகளின் மூளைக்கு அதைவிட நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"கசியாம இருக்க ஒரு ஊசி இல்லியா?" என்று தகப்பன்மார் கேட்பார்கள். வைட்டமின் கே எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறோம்; அது வேறு வகை ரத்தப்போக்கைத் தடுக்கும், இதைத் தடுக்கப் போதாது. இண்டோமெத்தசின் என்ற மருந்தைப் பிறந்தவுடன் கொடுத்து, 1,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளிடம் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். கடுமையான கசிவு 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 18 மாதம் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைப்பதிலும் வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை. அதனால் எல்லாருக்கும் கொடுப்பது வழக்கமாகவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார்.

அந்த மூன்று நாளும் தாய்க்குச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். தட்டிக்கொடுப்பதும் தடவிக்கொடுப்பதும் இந்தக் குழந்தைக்குச் சுமை. கை கழுவிவிட்டு, ஒரு கையைத் தலைமேலும் ஒரு கையைப் பாதத்திலும் அசையாமல் வைத்திருந்தால் அது அடங்கும், நாடித்துடிப்பு சீராவதைத் திரையிலேயே பார்க்கலாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுப்பது தாய் மட்டுமே செய்யக்கூடிய காரியம். நெஞ்சோடு நெஞ்சாக அணைக்கும் கங்காரு பராமரிப்பை எப்போது தொடங்கலாம் என்பதைக் குழந்தையின் எடையையும் நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்வார்.

முதல் வாரத்தில் உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. கசிவு தெரிந்தால் அதே ஸ்கேனை மீண்டும் மீண்டும் எடுத்து, அறைகளில் நீர் தேங்குகிறதா என்று பார்ப்பார்கள்; நாங்கள் தலைச்சுற்றளவை நாடாவால் அளந்து குறித்துவருவோம். வீட்டுக்குப் போன பிறகு உச்சிக்குழி புடைத்தாலோ, குழந்தை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, கருவிழிகள் கீழ்நோக்கியே நின்றாலோ அன்றே வர வேண்டும். கசிவு ஏற்பட்ட ஒவ்வொரு குழந்தையையும், வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு முதல் சில மாதங்களிலேயே அழைத்துப்போக வேண்டும். கை கால் இறுகிப்போன பிறகு போவதைவிட, இறுகுவதற்கு முன் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவர் முதலில் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஐப்பசியில் பிறக்க வேண்டிய பிள்ளை ஆடியிலேயே பிறந்துவிட்டால், ஆடியில் பிறந்த பக்கத்து வீட்டு நிறைமாதப் பிள்ளையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது.